பழைய முத்திரையின் சிறு கீறலும் அது சொல்லும் இடமும்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வலப்பனை, ராகலை, உடபுசல்லாவைப் பக்கம் பழைய வீடுகளையும் லயன் காம்பிராக்களையும் திருத்தும்போது தகரப் பெட்டிகள் வெளியே வருகின்றன. உள்ளே பழைய கடிதங்கள், மணியோடர் துண்டுகள், தோட்டத்து ரசீதுகள் இருக்கும். நம் பிள்ளைகள் உறையிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்து அல்பத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். மிச்சக் கடதாசி அடுப்புக்குப் போகிறது. இதை ஏன் செய்யக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் சொல்லும் புத்திமதி யாருடைய காதிலும் ஏறாது. எனவே ஒரு முத்திரையை அறிஞர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

முத்திரைகள் தனித்தனியாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சாகும். தபால் கந்தோரில் அதைக் கிழித்தோ வெட்டியோ கொடுப்பார்கள். அப்படிப் பிரிந்து போன ஒரு தனி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தாளில் மூன்றாம் வரிசையில் முதலாவதாக இருந்தது" என்று 150 வருடத்துக்குப் பிறகு சொல்ல முடியுமா?

முடியும். முத்திரைத் துறையில் இது ஒரு தனி ஆராய்ச்சி. அச்சுத் தகட்டிலோ கல்லிலோ அந்த முத்திரை நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது என்பதால், நாம் இதைத் "தகட்டிடம் காணுதல்" என்று சொல்லிக்கொள்வோம்.

இலண்டன், 1840: எழுத்தே இடம் சொன்னது

உலகின் முதல் ஒட்டும் தபால் முத்திரை பிரித்தானியாவின் பென்னி பிளாக். 1840 மே 6 முதல் பாவனைக்கு வந்தது. ஒரு தாளில் 240 முத்திரைகள், 20 வரிசைகள், வரிசைக்கு 12. அந்தக் காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்ஸ் என்பதால், முழுத் தாளின் விலை சரியாக ஒரு பவுண்.

இந்த முத்திரையின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து இருக்கும். இடது எழுத்து வரிசையைச் சொல்லும்: ஏ முதல் டி வரை 20. வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்பதைச் சொல்லும்: ஏ முதல் எல் வரை 12. முதல் முத்திரை ஏ-ஏ, கடைசி முத்திரை டி-எல். கள்ள முத்திரை அடிப்பவரைப் பிடிப்பதற்கான ஏற்பாடு இது. ஒரே ஒரு முத்திரையைப் பார்த்து கொப்பி அடித்தால் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துத்தான் வரும், ஆள் பிடிபடுவார் என்று நினைத்தார்கள்.

அப்படியானால் இடம் தெரிந்துவிட்டதே, இனி என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பென்னி பிளாக்குக்கு 11 தகடுகள் பாவிக்கப்பட்டன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஏ-ஏ உண்டு. கையிலுள்ள ஏ-ஏ எந்தத் தகட்டைச் சேர்ந்தது?

ராணியின் தலை எல்லாத் தகட்டிலும் ஒன்றுதான். முதலில் ஓர் உருக்குத் துண்டில் மூலச் சித்திரத்தைச் செதுக்கினார்கள். அதை ஓர் உருளையில் அழுத்தி எடுத்து, அந்த உருளையைத் தகட்டில் 240 தடவை அழுத்திப் பதித்தார்கள். ஆனால் மூலை எழுத்துக்களை ஒரு தொழிலாளி சுத்தியலால் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார். கை என்றால் கைதான். ஓர் எழுத்து கொஞ்சம் மேலே நிற்கும், இன்னொன்று சரிந்து நிற்கும், வேறொன்று சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு தகடுகளில் ஒரே மாதிரி விழாது. சார்ல்ஸ் நிசன் என்பவர் இந்த வித்தியாசங்களை அளந்து 1922இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அந்தத் தொழிலாளியின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. ஆனால் அவர் கை எங்கே கொஞ்சம் விலகியது என்பதை இன்றும் பார்க்கலாம்.

நம் ஊர் உருளைக்கிழங்கில் ஒரு பாடம்

அச்சு முறைகளைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நமக்கு நுவரெலியா உருளைக்கிழங்கு போதும்.

ஒரு கிழங்கைப் பாதியாக வெட்டி அதில் ஒரு பூவைச் செதுக்குங்கள். மையைத் தொட்டு ஒரு கடதாசியில் 12 தடவை குத்துங்கள். கத்தி தவறி ஓர் இதழ் உடைந்திருந்தால் 12 பூவிலும் அந்த இதழ் உடைந்திருக்கும். இது மூலத்தின் குறை. இதை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் அது பொது.

இப்போது 12 கிழங்கை எடுத்து 12 பேர் ஒரே பூவைச் செதுக்கட்டும். நான்கு வரிசையாக, வரிசைக்கு மூன்றாக ஒரு பலகையில் பதித்து அச்சடியுங்கள். ஒவ்வொரு பூவும் வேறு மாதிரி. எத்தனை தாள் அடித்தாலும் ஏழாவது இடத்துப் பூ ஏழாவது பூ மாதிரியே இருக்கும். அதை வெட்டி எடுத்து ஹங்குராங்கெத்தைக்குக் கொண்டுபோனாலும் அடையாளம் சொல்லலாம். இது இடத்தின் குறை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அச்சடிக்கும்போது கடதாசியில் ஒரு தூசி ஒட்டியிருந்தது, அந்த இடத்தில் மை படவில்லை. அடுத்த தாளில் தூசி இல்லை. இது தற்செயல், ஒரே ஒரு தடவை வருவது.

தகட்டிடம் காணும் வேலை முழுவதும் இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான். எல்லா முத்திரையிலும் வருவது உதவாது. ஒன்றில் மட்டும் வருவதும் உதவாது. வெவ்வேறு தாள்களிலிருந்து வந்த இரண்டு மூன்று முத்திரைகளில் ஒரே இடத்தில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் குறைதான் சாட்சி. நீதிமன்றத்தில்கூட ஒருவரின் சொல்லுக்கும் பலரின் ஒத்த சொல்லுக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

மொரிசியஸ்: ஏழாவது இடத்து எழுத்துப் பிழை

பன்னிரண்டு கிழங்கு முறையில் உண்மையாகவே முத்திரை அடித்த நாடு, நம் மக்களைப் போலவே தமிழர்களும் முஸ்லிம்களும் கடல் கடந்து போய்க் குடியேறிய மொரிசியஸ். போர்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜோசப் பார்னாட் என்ற செதுக்குநர் 1847இல் அங்கே முதல் முத்திரைகளைச் செதுக்கினார். 1848இல் வந்த அடுத்த தொகுதிக்கு, ஒரு பென்னி முத்திரையைத் தகட்டில் 12 தடவையும் இரண்டு பென்ஸ் முத்திரையை 12 தடவையும் தனித்தனியாகக் கையால் செதுக்கினார். உருளையும் இல்லை, கொப்பியும் இல்லை. எனவே 12 ராணிகளுக்கும் 12 முகங்கள்.

இரண்டு பென்ஸ் தகட்டில் ஏழாவது முத்திரையைச் செதுக்கும்போது பென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் 'சி' வர வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்துவிட்டது. எழுத்துப் பிழைதான். ஆனால் அந்தப் பிழையுள்ள முத்திரை உலகில் எங்கே கிடைத்தாலும் அது ஏழாவது இடத்தைச் சேர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இந்தத் தகடுகளைப் பல வருடம் பாவித்ததால் கோடுகள் தேய்ந்து போயின. முதலில் அடித்தவற்றில் முகம் தெளிவு, கடைசியில் அடித்தவற்றில் முகம் மங்கல். ஆகவே குறை இடத்தைச் சொல்கிறது, தேய்வு காலத்தைச் சொல்கிறது. ஒரு சிறிய கடதாசித் துண்டு "நான் எங்கே, எப்போது" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது.

கல்கத்தா, 1854: கல்லச்சும் மனிருத்தீனும்

நம் வீடுகளில் பழைய அரபுத் தமிழ் கிதாபுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கல்லச்சில் வந்தவை. எழுத்துக் கோர்க்கத் தேவையில்லை. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதியதை வழுவழுப்பான ஒரு சுண்ணக்கல்லில் பதிப்பார்கள். கல்லை ஈரமாக்கினால் எழுதாத இடம் தண்ணீரை உறிஞ்சும். எழுதிய இடம் எண்ணெய் என்பதால் தண்ணீரைத் தள்ளிவிட்டு மையை மட்டும் பிடிக்கும். கடதாசியை வைத்து அழுத்தினால் அச்சு தயார்.

இந்தியா முழுவதுக்குமான முதல் முத்திரைகளும் இப்படித்தான் வந்தன. கல்கத்தாவில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் அடிப்பதற்குக் கல்லச்சு இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த கப்டன் துய்லியர் பொறுப்பேற்று, அரை அணா, ஓர் அணா, நான்கு அணா முத்திரைகளை அடித்துக் கொடுத்தார். 1854 ஒக்டோபர் 1 முதல் இந்தியாவில் புதிய தபால் முறை தொடங்கியது.

வேலை இலேசாக நடக்கவில்லை. அரை அணாவை முதலில் சிவப்பில் அடித்தார்கள். சுமார் 900 தாள் அடித்ததும் இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோனது. உள்ளூர்ச் சிவப்பைப் பாவித்தபோது கல் பழுதானது. ஆகவே சித்திரத்தை மாற்றி, நீல நிறத்தில் அரை அணாவை வெளியிட்டார்கள்.

இந்த முத்திரைகளுக்கான மூலச் செதுக்கலோடு முத்திரைப் பட்டியல்களில் ஒரு பெயர் வருகிறது: மனிருத்தீன். பக்கத்திலேயே, பெயரின் எழுத்து உறுதியில்லை என்ற குறிப்பும் வருகிறது. முனீருத்தீனாக இருக்கலாம், மனிருத்தீனாக இருக்கலாம். ஒரு பெரிய நாட்டின் முதல் முத்திரைகளில் கைவைத்த மனிதரின் பெயரைச் சரியாக எழுதிவைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. துய்லியரின் பெயரும் பதவியும் எழுத்துப் பிசகாமல் நிற்கின்றன. நம் மலையகத்தின் பழைய பேரேடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. துரையின் பெயர் முழுமையாக இருக்கும். வேலை செய்தவரின் பெயர் கேட்டவர் காதில் விழுந்த மாதிரி இருக்கும்.

ஆனால் பாருங்கள், மூலத்தில் செதுக்கிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. அந்த மூலத்திலிருந்து பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றாகக் கல்லில் ஒட்டிப் பதித்தார்கள். அரை அணாவுக்கு ஒரு தாளில் 96 முத்திரைகள், வரிசைக்கு 8 வீதம் 12 வரிசை. பிரதி எடுக்கும்போது ஒன்றில் மூக்கு நுனி விடுபட்டது. இன்னொன்றில் சட்டத்தின் கோடு முறிந்தது. கல்லில் பதித்த பிறகு அந்தக் குறை அந்த இடத்துக்கே சொந்தமாகிவிட்டது. மூலம் ஒன்று, இடம் 96, ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு தழும்பு.

அடித்த தாள்களை மக்கள் வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டார்கள். கல்லச்சுக் கல்லைத் தேய்த்துத் திரும்பப் பாவிப்பது வழக்கம். அப்படியானால் அந்தத் தாள் எப்படி இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் எப்படி அறிந்தார்கள்?

96 துண்டுகளைத் திரும்பச் சேர்ப்பது

மார்ட்டின், ஸ்மித்தீஸ் என்ற இருவர் இந்த வேலையைச் செய்து, அரை அணா பற்றி 1928இலும் நான்கு அணா பற்றி 1930இலும் நூல்கள் வெளியிட்டார்கள். ஸ்மித்தீஸ் காட்டிலாகா அதிகாரி. பகலில் மரங்களை எண்ணிய மனிதர் பூதக்கண்ணாடியோடு இருந்து முத்திரைகளை எண்ணினார்.

இந்த வேலையின் முறையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

முதலில், பிரியாத முத்திரைகளைத் தேட வேண்டும். இரண்டு சேர்ந்திருக்கும் ஒரு சோடி, பத்துத் தனி முத்திரைக்குச் சமம். ஏனென்றால் "இன்னார் பக்கத்தில் இன்னார்" என்று அது சொல்கிறது. ஒரு சோடியில் மூக்கு உடைந்தவரும் சட்டம் முறிந்தவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். வேறொரு சோடியில் சட்டம் முறிந்தவரும் காதடியில் புள்ளி உள்ளவரும் அடுத்தடுத்து. அப்படியானால் மூவரும் ஒரே வரிசை. பழைய கல்யாண போட்டோவில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து உறவு பிடிக்கிறோமே, அதே வேலைதான்.

இரண்டாவது, ஓரத் துண்டுகள். தாளின் விளிம்புக் கடதாசியோடு ஒரு முத்திரை கிடைத்தால் அது இடது ஓரமா, வலது ஓரமா, மேல் வரிசையா என்பது தெரிந்துவிடும். மூலையில் இருந்த ஒன்று கிடைத்தால் வரைபடத்துக்கு ஆணி அடித்த மாதிரி.

மூன்றாவது, அகலமாக வெட்டிய முத்திரைகள். அக்காலத்தில் ஓரத்தில் துளை போடவில்லை. கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். கொஞ்சம் தாராளமாக வெட்டியவரின் முத்திரையில் பக்கத்து முத்திரையின் கோடும் சேர்ந்து வந்திருக்கும். அந்த ஒரு கோடு போதும், பக்கத்தில் யார் என்று சொல்ல.

இப்படி ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பொருத்தி ஒரு தாள் முழுவதையும் திரும்பக் கட்டினார்கள். எந்த ஒரு முத்திரையும் தனியாக முழுக் கதையையும் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி மட்டும் சொன்னது. எல்லோரையும் கேட்டபோது முழுத் தாளும் கிடைத்தது.

கள்ளனைப் பிடிக்கும் கணக்கு: 13

இதனால் என்ன பிரயோசனம் என்பதற்கு 1854இன் நான்கு அணா முத்திரை நல்ல உதாரணம். சிவப்புச் சட்டம், நடுவில் நீலத் தலை. இரண்டு நிறம் என்பதால் ஒரே தாளை இரண்டு தடவை அச்சடிக்க வேண்டும். முதல் அச்சில் ஒரு தாளுக்கு 12 முத்திரைகள், வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை. சட்டம் நேராகவும் ராணியின் தலை கீழாகவும் அச்சான சில முத்திரைகள் வெளியே போய்விட்டன. தலைகீழான அந்த முத்திரை இன்று உலகின் மிக விலையுயர்ந்த முத்திரைகளில் ஒன்று. விலை உள்ள இடத்தில் போலியும் இருக்கும்.

இங்கேதான் கணக்கு உதவுகிறது. இரண்டாம் தடவை அடிக்கும்போது முழுத் தாளும் தலைகீழாகத் திரும்பியிருந்தால் என்ன நடக்கும்? ஒரு கொப்பித் தாளில் 12 கட்டம் போட்டு எண்ணிட்டுத் திருப்பிப் பாருங்கள். முதலாம் கட்டம் இருந்த இடத்தில் பன்னிரண்டாம் கட்டம் வந்து நிற்கும். இரண்டின் இடத்தில் பதினொன்று. ஐந்தின் இடத்தில் எட்டு. கூட்டினால் எப்போதும் 13.

சட்டம் எந்த இடத்தது என்பதைச் சட்டத்தின் குறை சொல்லும். தலை எந்த இடத்தது என்பதைத் தலையின் குறை சொல்லும். சட்டம் ஐந்து என்றால், தலைகீழாக நிற்கும் தலை எட்டாக இருக்க வேண்டும். வேறு எண் வந்தால், அல்லது எந்த இடத்திலும் இல்லாத தலையாக இருந்தால், அந்த முத்திரையைச் சந்தேகப்பட வேண்டும். அழகாக வரையத் தெரிந்த கள்ளனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

இலங்கை, 1857: எழுத்து இல்லாத தகடு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 வெளியானது. ஊதாக் கலந்த கபில நிறத்தில் ஆறு பென்ஸ். இங்கிலாந்துக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்பும் கட்டணம் அது. அடித்தவர்கள் பென்னி பிளாக்கை அடித்த அதே பேர்கின்ஸ் பேக்கன் கம்பனி.

கோப்பிக் காலம். இந்த மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டு, தமிழகத்திலிருந்து ஆட்களைக் கால்நடையாக வரவழைத்த காலம். முதல் முத்திரை உள்ளூர்க் கடிதத்துக்கு அல்லாமல் இங்கிலாந்துக் கடிதத்துக்கு வந்தது என்பதிலேயே அன்றைய இலங்கையில் யாருடைய கடிதம் முக்கியம் என்பது விளங்குகிறது.

பின்னர் வேறு பெறுமதிகளும் வந்தன. அவற்றில் 1859இல் வெளியான நான்கு பென்ஸ் மங்கல் ரோசா நிற முத்திரை, நான்கு மூலையும் வெட்டிய எண்கோண வடிவம், இலங்கை முத்திரைகளிலேயே மிகப் பெறுமதியானது என்று பெயர் பெற்றது. எண்கோணம் என்பதால் அதைச் சுற்றி ஒட்ட வெட்டிய கைகள் பல. நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தோடு ஒன்று கிடைத்தால்தான் அதற்கு முழு மதிப்பு.

இலங்கை முத்திரையில் பென்னி பிளாக்கில் இருந்த மூலை எழுத்துக்கள் இல்லை. எனவே ஆராய்பவருக்கு வழி குறுகல். உருளையைச் சரியான இடத்தில் இறக்குவதற்காகத் தகட்டில் வைத்த வழிகாட்டிப் புள்ளி, ஒரு தடவை பதித்ததில் திருப்தியின்றி இரண்டாம் தடவை பதித்ததால் வந்த இரட்டைக் கோடு, தகட்டில் விழுந்த கீறல், இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் சுவையான ஒரு விஷயம் உண்டு. 1860களின் தொடக்கத்தில் இந்த வேலை பேர்கின்ஸ் பேக்கனிடமிருந்து டி லா ரூ கம்பனிக்கு மாறியது. கம்பனி மாறினாலும் தகடுகள் பழையவைதான். கடதாசி மாறியது: முன்பு நட்சத்திர நீரடையாளம், பின்பு கிரீடமும் இரண்டு 'சி' எழுத்தும் உள்ள நீரடையாளம். ஒரே கீறல் நட்சத்திரக் கடதாசியிலும் கிரீடக் கடதாசியிலும் வந்தால், ஒரே தகடு இரண்டு கம்பனிக்கும் வேலை செய்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1872இல் ரூபாய், சதம் வந்தது. 1885இல் தபால் கட்டணங்களுக்கேற்ற முத்திரைகள் போதாமல் போக, பழைய முத்திரைகளின் மேல் புதிய பெறுமதியைக் கொழும்பிலேயே அச்சடித்தார்கள். இம்முறை ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்தார்கள். உடைந்த ஓர் எழுத்து, இடைவெளி கூடிய ஒரு சொல், தலைகீழாக விழுந்த ஒரு மேலச்சு என்று இடம் காண்பதற்கு இன்னொரு கூட்டம் அடையாளங்கள் கிடைத்தன. கொழும்பு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர்களின் கைகளும் இப்படித்தான் வரலாற்றில் ஏறின.

நம் பெட்டிக்குள் இருப்பது

இதுவரை பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "நீ எங்கே இருந்தாய்?" என்று ஒரு கடதாசித் துண்டிடம் கேட்கிறார்கள், அது தன் உடம்பில் உள்ள அடையாளத்தைக் காட்டிப் பதில் சொல்கிறது.

இந்தக் கேள்வி நம் மக்களுக்குப் பழக்கமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்பதை அதில் இருந்த அடையாளமும் எண்ணும் சொல்லும். ஆளின் பெயரைக் கேட்காமல் வில்லையைப் பார்த்தே ரயில் ஏற்றினார்கள்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 வருடம், விவாகமாகாதவர் என்றால் 10 வருடம், இந்த நாட்டில் இருந்ததை ஒப்புவிக்க வேண்டும். சுமார் 8 இலட்சம் பேர் விண்ணப்பத்தில் அடங்கினார்கள். பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, மலையக நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வந்தார்கள். இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கேயே பெற்றோரை அடக்கம் செய்தவர்களிடம் "இருந்ததற்குக் கடதாசி எங்கே?" என்று கேட்டார்கள்.

பெயர், விலாசம், முத்திரை, முத்திரையின் மேல் தபால் கந்தோரின் திகதிக் குத்து. ஓர் உறையில் இந்த நான்கும் ஒன்றாக இருந்தால், இன்ன ஆளுக்கு, இன்ன தோட்டத்துக்கு, இன்ன நாளில் கடிதம் வந்தது என்று அது சொல்லும். முத்திரையை மட்டும் வெட்டி எடுத்தால் திகதிக் குத்தின் பாதி இங்கே, பாதி அங்கே. முத்திரைக்குத் தான் எங்கே போனோம் என்பது மறந்துபோகிறது. உறைக்குத் தான் எப்போது வந்தோம் என்பது மறந்துபோகிறது. 96 துண்டுகளைத் தேடித் தேடி ஒன்று சேர்த்தவர்களின் வேலைக்கு நேர் எதிரான வேலை அது.

நம் பெட்டிகளில் 1854ஆம் ஆண்டு முத்திரை இருக்கும் என்று ஆசைகாட்டி இதை எழுதவில்லை. அனேகமாகப் பிற்கால முத்திரைகள்தான் இருக்கும். சந்தையில் அவற்றுக்கு ஐந்து ரூபாயும் கிடைக்காது. ஆனால் திருச்சியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரு பாட்டியாருக்கு வந்த கடிதத்துக்கு வேறொரு பெறுமதி உண்டு. நமது தோட்டங்களின், கடைத்தெருக்களின் வரலாற்றை யாரும் ஒரு முழுத் தாளாக நம் கையில் தரவில்லை. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு கடிதம், இன்னொரு வீட்டில் அதற்கு வந்த பதில், மூன்றாவது வீட்டில் அந்தக் கடிதத்தில் சொல்லப்பட்டவரின் பெயருள்ள ஒரு ரசீது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரிசை தெரியும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்:

- உறையிலிருந்து முத்திரையை வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். உறையோடு முழுதாக வைத்திருங்கள்.
- கடிதத்தையும் அதன் உறையையும் பிரிக்காதீர்கள்.
- நம் மலையின் ஈரமும் பூஞ்சணமும் கடதாசிக்கு எதிரி. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த கடதாசி உறையில், சுவரில் படாமல், அடுப்புப் புகை வராத இடத்தில் வையுங்கள்.
- செலோடேப் ஒட்டாதீர்கள். காலம் போனால் மஞ்சளாகிக் கடதாசியைத் தின்றுவிடும்.
- முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத்திலும் தபால் குத்து இருக்கலாம்.
- வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே, கடிதத்தில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டு, வேறொரு தாளில் எழுதி வையுங்கள். கடிதத்தின் மேல் பேனையால் எழுத வேண்டாம்.
- கடிதத்தில் உள்ள குடும்ப விஷயங்களை அந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் முகநூலில் போடாதீர்கள். அமானிதத்தை அமானிதமாகவே பேணுவோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வரலாற்றுப் பாடத்தில் திகதிகளை மனனம் செய்விப்பதோடு, ஒரு நாளைக்கு ஒரு பூதக்கண்ணாடியையும் ஒரு பழைய உறையையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்ப்போம். "இது எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கையில் வரும் எந்த வதந்தியையும் அப்படியே நம்பாது.

மனிருத்தீனின் பெயரை எப்படி எழுதுவது என்று இன்று யாருக்கும் நிச்சயமில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களுக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. அந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்தப் போயாவுக்கு வீட்டில் நிற்கும்போது அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து, அவர்களைப் பக்கத்தில் இருத்திப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் பழைய கடிதங்களைப் பேணி வைத்திருப்பவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் உதவியாக இருக்கும்.